உடம்பு நம்மோடது, சீட்டு யாரோடது?

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். தோல் உரிந்து துடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். நாடு முழுக்க தீபாவளிக்கு வெடி அனுப்புகிற மாவட்டத்தில் அன்றைக்கு ஒரு மருத்துவக் கல்லூரி இல்லை. பத்து வருசம் கழித்து, 2022 ஜனவரி 12-இல்தான் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். வருசத்துக்கு 150 இடம். நல்லது, வரட்டும். ஆனால் மணிமருந்து அள்ளுகிறவளின் மகள் அந்தக் கட்டடத்துக்குள் நோயாளியாக மட்டும்தான் நுழைய வேண்டுமா?

பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் என்று பல வருசம் மார்தட்டிய மாவட்டம் இது. 2007 முதல் பத்தாண்டு நுழைவுத் தேர்வு இல்லாமல் அந்த மதிப்பெண்ணை வைத்தே டாக்டருக்குப் படிக்க முடிந்தது. 2017-இல் நீட் வந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அரியலூர் அனிதா, 1200-க்கு 1176 வாங்கியவள், உச்சநீதிமன்றம் வரை போய்ப் பார்த்துவிட்டு செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டாள். தகுதி இல்லை என்றார்கள்.

எது தகுதி? 2023-இல் மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் கட்-ஆஃபை பூஜ்ய பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பரீட்சை எழுதியிருந்தால் போதும், மிச்சத்தைப் பணம் பார்த்துக்கொள்ளும். அப்போது தகுதி, திறமை பேசிய வாயெல்லாம் எங்கே போச்சு?

2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு நம் பிள்ளைகள் சிலரை உள்ளே கொண்டுபோனது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். நம் மாவட்டத்தில் பழைய பள்ளிக்கூடங்கள் பலவும் உறவின்முறைகள் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளிகள். கருந்திரி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை அங்கே படித்தால், அந்த ஒதுக்கீட்டில் இடமில்லை. சிவகாசியில் இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

தனியார் பக்கம் வருவோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நமக்கு ஒதுக்கீடே கிடையாது. வருசக் கட்டணம் மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அரசியல் சட்டம் 15(5) தனியாரிலும் ஒதுக்கீடு தர வழி செய்திருக்கிறது. 2014-இல் உச்சநீதிமன்றமும் செல்லும் என்றது. சட்டம் இயற்றத்தான் டெல்லிக்கு மனசில்லை. அந்தக் கல்லூரிகளின் யோக்கியதையோ ஊருக்கே தெரியும். ஆய்வுக் குழு வருகிற அன்று காலியான கட்டிலை நிரப்ப யாரை வேனில் ஏற்றுகிறார்கள்? நம்ம சேரி சனத்தைத்தான். 2025-இல் சிபிஐ, ஆய்வு விவரங்களைக் கசியவிட்டு லஞ்சம் வாங்கியதாக மத்திய சுகாதாரத் துறை அதிகாரிகள் மேலேயே வழக்குப் போட்டது.

அரசு ஆஸ்பத்திரியும் அப்படித்தான். ஊசி போட்டுப் பழக, தையல் போட்டுப் பழக, பிரசவம் பார்த்துப் பழக நம்ம உடம்பு வேண்டும். பழகுகிற கையாக மட்டும் நாம் வந்துவிடக் கூடாது. அப்படியே வந்தாலும் விடுகிறார்களா? 2019 மே மாதம் மும்பையில் மேற்படிப்பு படித்த ஆதிவாசி டாக்டர் பாயல் தட்வி சாதிக் கொடுமை தாங்காமல் செத்தார். வெள்ளைக் கோட்டுக்குள்ளேயும் சாதி இருக்கிறது.

கல்லூரி மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விருதுநகர் மருத்துவக் கல்லூரியில் 2022 முதல் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியார் எத்தனை, அதில் அருந்ததியர் எத்தனை, அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர் எத்தனை, பேராசிரியர்களில் நம்மவர் எத்தனை, உதவித்தொகை எந்த மாதம் கைக்கு வருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்புதான் செலவு. வருகிற பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சடிக்கிறோம்.