மருந்தாளுநர் தம்பிகளும் ராணுவத் தேர்வும்

டி.பார்ம்., பி.பார்ம். முடித்த பிள்ளைகள் இன்று நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பங்கள்தாம் பெரும்பாலும். படித்து முடித்தவர் டவுன் மெடிக்கல் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார். சிலர் சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்ட மாத வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு கூலிக்குப் போகிறார்கள். பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். பிடிபட்டால் பிள்ளையின் பதிவே பறிபோகலாம்.

இவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு வேலை ‘சிப்பாய் பார்மா’. அக்னிவீர் போல நான்காண்டில் அனுப்பிவிடும் வேலையல்ல, நிரந்தரப் பணி. வயது 19 முதல் 25. டி.பார்ம். என்றால் 55 விழுக்காடு, பி.பார்ம். என்றால் 50 விழுக்காடு மதிப்பெண், அத்துடன் மருந்தியல் கவுன்சில் பதிவும் வேண்டும். முதலில் கணினி வழித் தேர்வு, பிறகு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தின் சீருடைப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடையாது. வயதிலும் மதிப்பெண்ணிலும் நமக்கென்று தளர்வு இல்லை. ஒரு காலத்தில் சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் ஏராளம். பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தையே சுபேதார். ‘போர்க்குடி’ என்ற கதையைக் கட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் ராணுவம் கதவைச் சாத்தியது. மகர் படைப்பிரிவு 1941இல்தான் வந்தது. அந்தக் கதவுக்குள் இன்று இடஒதுக்கீடு இல்லாமல்தான் நுழைய வேண்டும் என்பது நியாயமா என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்காகத் தேர்வை விட்டுவிட முடியாது.

பாடத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. மருந்தியல், மருந்து வேதியியல், உடற்கூறு, அட்டவணை எச் மருந்துகள் என நீங்கள் படித்ததுதான் மருந்தியல் கேள்விகளாக வரும். பழைய கல்லூரி நோட்டைத் தூசி தட்டுங்கள். பொது அறிவும் கணக்கும்தான் நம் பிள்ளைகளைச் சறுக்க வைப்பவை. அதற்கு தினம் ஒரு மணி நேரம் தேவை. ஓட்டத்தைத் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கினால் கால் ஒத்துழைக்காது.

பாடத்தைவிடப் பெரிய தடைகள் வேறு. மார்பிலும் தோளிலும் பச்சை குத்திக்கொள்கிறோம். தலைவர் படமோ கட்சிக் கொடியோ, எதுவானாலும் முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் பொதுவாக ஏற்பதில்லை.

அடுத்தது வழக்கு. ஊரில் தகராறு என்றால் முதல் தகவல் அறிக்கையில் ‘மற்றும் பலர்’ என்று எழுதி, பிறகு நம் தெருப் பையன்களின் பெயரைச் சேர்ப்பது காவல் நிலையங்களில் பழகிப்போன வேலை. நன்னடத்தைச் சரிபார்ப்பில் அதுவே வேலைக்கு உலை வைக்கும். பெயர் இருக்கிறதா என்று இப்போதே வழக்கறிஞர் மூலம் பாருங்கள். பொய் வழக்கென்றால் ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை நாடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது மட்டும் வேண்டாம்.

ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, கவுன்சில் பதிவு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். அறிவிக்கை பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வரும். விண்ணப்பத்தை அதில் மட்டுமே போட வேண்டும்; இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

25ஐத் தாண்டியவர்கள் ராணுவ மருத்துவமனைகளின் சிவிலியன் மருந்தாளுநர் பணிகளையும் ரயில்வேயையும் கவனிக்கலாம். அங்கே இடஒதுக்கீடும், அதற்குரிய இடங்களில் ஐந்து ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு.