வேலை போனா படுக்கையும் போகும்

வீடில்லாத இளைஞர்கள்னு சொன்னதும் சென்னை சென்ட்ரல் பிளாட்பாரம்தான் ஞாபகம் வரும். நம்ம பக்கம் அப்படி யாரு இருக்கான்னு கேட்பீங்க. ராஜபாளையம் மில் ஹாஸ்டல்ல இருக்காங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல புரோட்டா கடை மாடியில, லாரி கேபின்ல, செண்பகத்தோப்பு போற வழியில மாந்தோப்புக் காவல் குடிசையில இருக்காங்க. கூரை இருக்கு. ஆனா அது முதலாளியோட கூரை. காய்ப்பு முடிஞ்சா குடிசையும் காலி.

2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். ரோட்டோரம், பாலத்தடி, கோயில் மண்டபம்னு திறந்தவெளியில் கிடப்பவர்களை எண்ணின கணக்கு அது. கடை மாடியில் படுக்கிற 19 வயசுப் பையன் அதில் வரமாட்டான். வேலையை விட்டு நிறுத்துற அன்னைக்கு ராத்திரிதான் அவனுக்கு வீடில்லன்னு ஊருக்குத் தெரியும்.

எங்களுக்கு இது நோயா வந்து நிக்கும். டிபியையே எடுத்துக்கோங்க. குறைஞ்சது 6 மாசம் மாத்திரை. "இருமுறான், மத்த பசங்களுக்கு ஒட்டிக்கும்"னு முதலாளி அனுப்பிடுவார். ஒரே ரூம்ல எட்டுப் பேர் படுக்கிற இடத்துல அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனா சரியான மருந்து ஆரம்பிச்சா, பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துலயே நோயைப் பரப்புற தன்மை வெகுவா குறைஞ்சிடும். அந்த மூணு வாரம் தங்க ஒரு இடம் கிடைக்காம பஸ் ஸ்டாண்டுல படுக்கிறான். மாத்திரை விட்டுப்போகுது. கொஞ்சம் தேறினதும் வேற ஊர்ல இன்னொரு ஓட்டல் அடுப்படிக்குப் போயிடுறான், இந்த முறை மருந்துக்கு அடங்காத கிருமியோட.

டிபி நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாசம் 1000 ரூபாய் அரசு தருது. 2024 நவம்பர் வரைக்கும் 500தான். பணம் பேங்க் கணக்குலதான் விழும். பாஸ்புக் எங்கடான்னு கேட்டா, "ஊர்ல, அப்பாகிட்ட." அப்பாகூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.

உடனே நாம சொல்றது, "வீட்டுக்குப் போப்பா." வீட்டை விட்டு வந்ததுக்குக் காரணம் இருக்கும். குடிச்சிட்டு அடிக்கிற அப்பா, ரெண்டாவது கல்யாணம், ப்ளஸ் டூ ஃபெயில். சாதி மாறிக் காதலிச்ச பிள்ளைகளை வீட்டுக்கே போகச் சொல்றது உயிரோட விளையாடுற வேலை. முதல்ல ஏன் வந்தேன்னு கேளுங்க.

18 வயசுக்குள்ளன்னா 1098 இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும்னு சட்டமே இருக்கு. 18 முடிஞ்சதும் அந்தக் கதவு சாத்திக்கும். பின்பராமரிப்பு உதவின்னு 21 வயசு வரைக்கும் ஒண்ணு உண்டு. ஆனா அது இல்லங்கள்ல வளர்ந்து வெளிய வர்றவங்களுக்கு. புரோட்டா கடைப் பையனுக்கு இல்ல. துளசிச் செடியடியில கண்டெடுத்த குழந்தையை ஆண்டாள்னு கொண்டாடுற ஊர் நம்ம ஊர். பெரிய பிள்ளைன்னா யாரும் கண்டெடுக்கறதில்ல.

லட்சம் பேருக்கு ஒரு இரவு பகல் தங்குமிடம்னு 2010ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2011ல ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள்தொகை 75 ஆயிரம் சொச்சம். சின்ன ஊர் அந்தக் கணக்குல இடிக்கும்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறவங்களைக் குறை சொல்லல, கொடுங்க. அதைவிட இவங்களுக்குத் தேவை நாள்கணக்கு. முதலாளிகள்கிட்ட நான் கேக்கறது இதுதான்: வேலையை விட்டு நிறுத்தினாலும் படுக்கையை ஒரு மாசம் கழிச்சு எடுங்க. ஆதார், பாஸ்புக்கை நீங்க வாங்கி வச்சுக்காதீங்க. டிபின்னா கடையில இருக்கிற மத்த பசங்களையும் பரிசோதனைக்கு அனுப்புங்க.

சமுதாய மண்டபம் நடத்துறவங்களுக்கும் ஒண்ணு. சமையல்காரங்க தங்க ஒரு ரூம் பெரும்பாலான மண்டபத்துல பின்னாடி இருக்கும். ஆடியிலயும் மார்கழியிலயும் அது பூட்டித்தான் கிடக்கு. தட்டு, டம்ளர், பாய் மூலமா டிபி பரவாது. ஜன்னல் மட்டும் நல்லாத் திறக்கணும்.