ஊறுகாய் மூட்டை ரெடி... மூச்சு ரெடியா?

போன மாதம் ஓர் அம்மா வந்தார். வயது 62. மகளுக்குப் பிரசவம், அமெரிக்கா போகிறார். லேகியம், ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. "பிளேன்ல ஒருத்தர் விட்ட மூச்சைத்தான் எல்லாரும் இழுக்கணுமாமே டாக்டர், ஜலதோஷம் வராம இருக்க ஏதாச்சும் சூரணம் குடுங்க" என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது.

அவர் பயந்தது ஒன்று, பயப்பட வேண்டியது வேறு.

இன்றைய பெரிய விமானங்களில் காற்று ஏறத்தாழ பாதி வெளியிலிருந்து வருகிறது. மீதிப் பாதி, கிருமிகளையும் பிடிக்கிற 'ஹெபா' வடிகட்டி வழியாகத் திரும்ப வருகிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 20 தடவை உள்காற்று முழுக்க மாறிவிடும். ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட நம் படுக்கையறையைவிட இது எவ்வளவோ மேல்!

ஆனால், காற்று ஓடினால்தானே வடிகட்டி வேலை செய்யும்? 1977-ல் அலாஸ்காவில் ஒரு விமானம் என்ஜின் கோளாறால் 3 மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்டம் நின்று போயிருந்தது. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. மூன்றே நாளில் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். தரையில் நிற்கும்போது புழுக்கமாக இருந்தால் கூச்சப்படாமல் பணிப்பெண்ணைக் கேளுங்கள்.

இன்னொரு சங்கதி. பெரும்பாலான விமானங்களில் வெளிக்காற்று என்ஜின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. எப்போதாவது ஆயில் கசிந்தால் அந்தப் புகையும் சேர்ந்து வரும். இதனால் நரம்புக் கோளாறு வருகிறது என்று விமானிகளும் பணிப்பெண்களும் பல வருடங்களாகச் சொல்கிறார்கள். மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதற்காக 'மனப்பிரமை' என்று தள்ளுவது என்ன நியாயம்? 2011-ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787, என்ஜினைத் தொடாமலே காற்றெடுக்கிறது. மனசு வைத்தால் வழி இருக்கிறதல்லவா!

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம்தான் இருக்கும். ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். ரத்தசோகை, முற்றிய ஆஸ்துமா, பலவீனமான இதயம் இருப்பவர்களுக்குச் சிரமம். காற்றில் ஈரப்பசையும் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். எங்கள் சித்த மருத்துவத்தில் வறட்சியும் அசையாத இருப்பும் வாதத்தைக் கூட்டும் என்போம். தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், அவ்வளவுதான்.

பிராணவாயு குறைவுக்கு என்னிடம் சூரணம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7.4. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, நுரையீரல் நிபுணர் சரி என்ற பிறகே டிக்கெட் போடுங்கள் என்றேன். மகள் அங்கிருந்து போன் போட்டுக் கோபித்துக்கொண்டாள். அவள் தவிப்பும் புரிகிறது. ஆனால், பசிபிக் கடலுக்கு மேலே மூச்சு முட்டினால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்புகிறார்களா? மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.