அஞ்சும் நாய்க்கு அடைக்கலம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – விலங்கியல்)

‘நாயே!’ என்பது நம் நாட்டில் வசைச்சொல். ஆனால் நம் முன்னோர் நாய்க்குக் கல்லில் பெயர் பொறித்தவர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளின் பக்கம் நின்று போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பெயர் அழியவில்லை.

இதைச் சொல்வதால் என்னை நாய்களின் வழக்கறிஞன் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பேரணாம்பட்டில், எங்கள் தெருவிலேயே, என் தங்கையை நாய் கடித்தது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் நாள், மூன்று நாள் கழித்து, ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணை ஊசி. ஊசிக்குக் காசில்லை, ஆனால் தோல் ஷாப்பில் அப்பாவுக்கு நான்கு நாள் கூலி போயிற்று. வெறிநோய் முற்றிவிட்டால் மருந்தில்லை என்பதை விலங்கியல் மாணவனாகிய நான் அறிவேன். ஆகவே, கல்வி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பேருந்து, இரயில் நிலையங்களிலும் தெருநாய்கள் இருக்கக்கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோது, கடிபட்ட குழந்தையின் அண்ணனாக அதன் நோக்கத்தை நான் குறை கூறவில்லை.

ஆனால், நம் கல்லூரியின் வண்டிக் கொட்டகையில் ஒரு செவலை நாய் இருந்ததே! நண்பர்களே, நினைவிருக்கிறதா? நாமெல்லாம் பிஸ்கட் போட்டோம், படம் பிடித்தோம். யாராவது கையை ஓங்கினால் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வண்டிகளுக்கடியில் ஒடுங்கும். ‘இனி இது இங்கே இருக்க முடியாது’ என்ற பேச்சு எழுந்தபோது பிஸ்கட் போட்ட கைகள் எல்லாம் எங்கே போயின? என் கையும் அவற்றுள் ஒன்றுதான். வெட்கம் தாளாமல் அதை வீட்டிற்குக் கொண்டு போனேன்.

“ஏண்டா, தங்கச்சி பட்ட பாடு மறந்துபோச்சா?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

நாய் பெரும்பாலும் கொடுமையால் கடிப்பதில்லை, அச்சத்தால் கடிக்கிறது. காதைப் பின்னுக்கு மடிப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உதட்டை நக்குவதும், உறுமுவதும் ‘என்னை விட்டுவிடு’ என்று அது கெஞ்சும் மொழி. அந்த மொழி புரியாமல் நாம் நெருங்கும்போதுதான் பல் பேசுகிறது. தங்கையைக் கடித்ததும் குட்டி போட்டிருந்த நாய்தான். அதன் மூலையில் பந்து எடுக்கப் போயிருக்கிறாள்.

எனவே முதல் வாரம் செவலையைத் தொடவே இல்லை. முதலில் கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு கயிற்றுக் கட்டிலடியில் கோணி விரித்து, அது அதன் இடம். அங்கே யாரும் கை நீட்டக்கூடாது. வேளை தவறாமல் சோறு. கண்ணோடு கண் நோக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். பக்கத்து வீட்டுப் பாய் தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில், அவர் மேல் உரசாதபடி கட்டிவைப்போம். அவரோ மீந்த சோற்றைத் தனிச்சட்டியில் எடுத்து வைக்கிறார்.

மூன்றாம் வாரம் தெருவில் ஒரு சாவு ஊர்வலம். வெடிச் சத்தத்தில் செவலை கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. மாலையில், பச்சைத் தோலுக்கு உப்புத் தடவும் கொட்டகையின் பின்புறம் கண்டேன். துரத்தினால் இன்னும் ஓடும். தரையில் அமர்ந்து சோற்றை வைத்துக் காத்திருந்தேன். இருட்டிய பிறகு தானாக வந்தது. பிரிட்டன் மக்கள் ருமேனியா நாட்டுத் தெருநாய்களை விமானத்திலும் வண்டியிலும் வரவழைத்து வளர்க்கிறார்கள். அத்தகைய நாய் புது வீட்டிற்கு வந்த தொடக்க நாள்களில் மிரண்டு ஓடிவிடும் என்பதால், கழுத்துப் பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று என இரண்டு கயிற்றில் பிடித்து நடத்துகிறார்கள். அதைப் பிறகே அறிந்தேன். இப்போது செவலைக்கும் இரண்டு கயிறு.

கடல் கடந்த நாய்க்கு அங்கே வீடு கிடைக்கிறது. நம் வாசல் நாய்க்கு நம்மிடம் கிடைப்பது பிஸ்கட் மட்டுந்தானா? 1957-இல் சோவியத்து நாடு விண்ணுக்கு அனுப்பிய லைக்கா, மாஸ்கோவின் தெருவில் திரிந்த நாய்தான். உலகமே புகழ்ந்தது, ஆனால் அது திரும்பி வர வழி செய்யப்படவில்லை. புகழ் வேறு, பொறுப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘மனிதனுக்கே இடமில்லாதபோது நாய்க்கு ஏது?’ என்பீர்கள். ஓர் அறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இடத்தின் அருமை எனக்குத் தெரியும். எல்லாரும் நாய் வளர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. வளர்க்க இயலாதவர், தம் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடச் சொல்லி நகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம். 2025 ஆகஸ்ட் 22 ஆணையில், டெல்லியில் தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோருக்கு உச்சநீதிமன்றம் வழி விட்டது; ஆனால் அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது எடுத்தவர் கடமை என்றும் சொன்னது. அந்த இரண்டாம் பாதிதான் உண்மையான இரக்கம். குழந்தையின் பாதுகாப்பும் நாயின் பாதுகாப்பும் இரண்டல்ல, ஒன்றே!

நேற்று என் தங்கை கட்டிலுக்குச் சற்று எட்ட, பக்கவாட்டில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். செவலை வெளியே வந்து அவள் காலருகே படுத்தது. அவள் தொடவில்லை. அதுவும் ஓடவில்லை. இருவருமே அச்சத்தை வென்றுகொண்டிருக்கிறார்கள். நண்பர்களே, அடுத்த முறை பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, நாளைக்கு அந்த நாய் எங்கே படுக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்!