மிதிவண்டிக்கும் வழி விடுக!

உப்பெடுக்கும் கை ஓட்டிச்செல்லும் மிதிவண்டிக்குச் சாலையில் இடமுண்டா, இல்லையா? மரக்காணத்து உப்பளக் கரையில் இன்று எழுந்துநிற்கும் வினா இது. சிறிய வினாப்போல் தோன்றும், சிறியதன்று. சாலை யாருடையது என்னும் பெருவினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

மரக்காணம் நேற்றுத் தோன்றிய ஊரன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர்தம் கருத்து. கழகக்காலத்து உமணர், நெய்தல்நில உப்பை வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களொடு காடும் மேடும் கடந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். இடைவழியில் அச்சு முறிந்தால் உதவுதற்கென மாற்று அச்சொன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூறு காட்டும். அன்று உப்பு வண்டிக்கு வழி இருந்தது. இன்றோ, அவ்வுப்பைப் பாத்தியில் வாரிக் குவிக்கும் உழைப்பாளி விடியுமுன் தன் மிதிவண்டியில் சாலையேறினால், ஒதுங்கு ஒதுங்கு என்று அவன் முதுகுக்குப் பின்னே ஒலிப்பான்கள் அலறுகின்றன. ஒதுங்குவதற்கு அவனுக்கு இடம் எங்கே?

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. அதில் மரக்காணம் முதல் புதுச்சேரி வரையுள்ள 46 கி.மீ. நீளத்தை, 2,157 கோடி உருபா செலவில் நான்குதடச் சாலையாக்குதற்கு நடுவணமைச்சரவை 2025 ஆகசுட்டு 8-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. சாலை அகலட்டும், அதை மறுப்பார் இலர். ஆனால், அகலும் சாலையில் எளியவனுக்குரிய இடம் குறுகலாகாது என்பதே கேள்வி.

நான்குதடச் சாலையின் நடுவே தடுப்பு எழும். வீடு ஒருபுறமும் உப்பளம் மறுபுறமும் உள்ளவன் நேரே கடக்க முடியாமற் போகும். திரும்புமிடம் வரை சென்று மீள்வதற்கு 2 கி.மீ. கூடுதலாகச் செல்லவேண்டுமெனக் கொள்வோர், கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 80 கி.மீ. விரையும் மகிழுந்துக்கு அஃது ஒன்றரை மணித்துளி. மணிக்கு 12 கி.மீ. செல்லும் மிதிவண்டிக்கோ பத்து மணித்துளி. கடற்காற்று எதிர்த்தடித்தால் இன்னும் மிகுதி. நாளுக்கு இருமுறை, ஆண்டு முழுதும், எரிநெய் செலவழித்தன்று, தன் காலின் தசையைச் செலவழித்து அவன் சுற்ற வேண்டும். சுற்ற இயலாதவன் எதிர்த்திசையில் ஓட்டுவான். அடிபட்டு வீழ்ந்தால், நெறி மீறினான் என்று பழியும் அவன்மேலேயே விழும்! கடக்கும் வழியை அடைத்தவர் மேல் பழியில்லையாம்.

இங்கேதான் பேருந்துக்கென ஒதுக்கிய தடத்திலும் திருப்பத்திலும் மிதிவண்டி செல்லலாமா என்னும் சிக்கல் எழுகின்றது. மரக்காணத்தில் இன்று பேருந்துக்கெனத் தனித்தடம் இல்லை. ஆயினும், சாலை அகலும்போது நிறுத்தங்களிலும் சந்திப்புகளிலும் பேருந்துக்குத் தனியிடம் ஒதுக்கும் நிலை வரும். அன்று எழுந்து வினவுவதினும், வரைபடம் தாளில் இருக்கும்போதே வினவுவது அறிவுடைமை.

செல்லக் கூடாது என்பார் கூறும் கரணியம் புறந்தள்ளத் தக்கதன்று. ஐம்பதுபேர் அமர்ந்த பேருந்து ஒரு மிதிவண்டியின் பின்னே ஊர்ந்தால், தனித்தடம் இட்டதன் பயன் யாது என்று அவர் கேட்கின்றனர். விடை அகலத்தில் இருக்கின்றது. பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். மிதிவண்டி அசைந்தாடிச் செல்ல ஒரு மீட்டராவது வேண்டும். இரண்டுக்கும் இடையே பாதுகாப்பான வெளியும் வேண்டும். மூன்றரை மீட்டர்த் தடத்தில் இவை அடங்கா. நாலரை மீட்டர்த் தடத்தில் அடங்கும். இலண்டனிலும் பாரிசிலும் பேருந்துத் தடங்கள் பலவற்றில் மிதிவண்டிக்கு இசைவு உண்டு. அங்குப் பேருந்துகள் நகருக்குள் அடிக்கடி நின்று நின்று செல்வன, விரைவு குறைவு. ஊர்ப்புறத்து நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் முன்னே மிதிவண்டியை விடுவதோ, இசைவு என்ற பெயரால் சாவுக்கு அனுப்புவதாகும்.

ஆகலின் நெறி தெளிவானது. ஊருக்குள், விரைவு குறைந்து, தடம் அகன்றிருக்குமிடத்துப் பேருந்தும் மிதிவண்டியும் ஒருங்கு செல்லட்டும். ஊருக்கு வெளியே, விரைவு மிகுந்த இடத்து, மிதிவண்டிக்குத் தனித்தடம் வேண்டும். பேருந்து மட்டும் திரும்பலாம் என்னுமிடத்து, மிதிவண்டியும் திரும்புதற்கு விளக்குக் குறியால் தனிநேரம் தருக. சுற்றுவழியின் சுமை உந்துவண்டிக்கு ஆகலாம், உடலுழைப்புக்கு ஆகாது.

பேருந்தும் மிதிவண்டியும் பகையல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பிற பணியாளர் எவ்வாறு வேலைக்குச் செல்கின்றனர் என்று இந்தியா முழுதும் கேட்டறிந்தது. நூற்றுவரில் ஏறத்தாழ 13 பேர் மிதிவண்டியில். 11 பேர் பேருந்தில். மகிழுந்து போன்றவற்றிலோ மூவர்க்கும் குறைவு! அம்மூவர்க்காகவே சாலை வகுக்கப்படும்போது, ஏனைய இருபத்துநால்வரும் எஞ்சிய ஓரத்துக்காகத் தமக்குள் சண்டையிடுவதா?

தில்லி இதற்குச் சான்று. அங்கு 2008-இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்து வரை, நடுவே பேருந்துக்கும் ஓரத்தில் மிதிவண்டிக்கும் தனித்தடங்கள் அமைந்தன. மகிழுந்துக்காரர் கூக்குரலிட்டனர். பேருந்துத் தடத்தை எல்லார்க்கும் திறந்துவிடக் கோரிய வழக்கை உயர் அறமன்றம் 2012-இல் தள்ளியது. எனினும் 2016-இல் அவ்வமைப்பே இடித்தகற்றப்பட்டது.   கல்கத்தாவிலோ 2013-இல் 174 சாலைகளில் மிதிவண்டியே தடுக்கப்பட்டது. பால்காரனும் செய்தித்தாள் போடுபவனும் அந்நகருக்கு வேண்டும். அவர்தம் வண்டி மட்டும் வேண்டாவாம்!

அந்நிலை தமிழ்நாட்டில் நேராதிருக்க இன்றே விழித்தல் வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட உந்துவண்டிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, விசையின்றி இயங்கும் வண்டிகளும் நடப்போரும் பொது இடங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் இயங்குவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகட்குத் தருகின்றது. கோவை எலும்பு மருத்துவர் இராசசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், அவ்வொழுங்குமுறைகளை ஆறு திங்களுக்குள் வகுக்குமாறு உச்ச அறமன்றம் 2025 அக்தோபரில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஒழுங்குபடுத்தல் என்னும் சொல் இருபுறமும் கூருடைய கத்தி. அதனால் வழியைக் காக்கவும் இயலும்; விலக்கித் துரத்தவும் இயலும். எதைச் செய்வது என்பது எழுதும் கையைப் பொறுத்தது.

தமிழ்நாட்டரசு 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கென விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர்ப் பிற மாணவர்க்கும் விரித்தது. அதற்கும் முன்னரே, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்வழிப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தம் விடுதலையைத் தாமே மிதித்து வென்றனர். வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு வழியைப் பறித்தல், ஏரைக் கொடுத்து நிலத்தைப் பறித்தல் போலன்றோ?

மரக்காணத்துச் சாலைக்கு வேண்டுவன பெரிதல்ல. இருமருங்கும் 2 மீட்டர்க்குக் குறையாத மிதிவண்டித் தடம். உப்பள வழிகளும் குப்பங்களும் சாலையைத் தொடுமிடங்களில் கடப்பதற்குக் கீழ்வழி. பேருந்து நிறுத்தங்களில் மிதிவண்டி பின்புறமாகச் சென்றுவர ஒதுக்கிடம். இவற்றைக் காட்டும் பலகைகளில் தமிழே முதலில், பெரிதாக நிற்கவேண்டும். 2017-இல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை மைல்கற்களில் இந்தி ஏறிய கொடுமையை மக்கள் மறந்திலர். விடியற்கருக்கலில் வண்டியோட்டும் உப்பளத்தானுக்கு உயிர்காக்கும் எச்சரிக்கை, அவனுக்குத் தெரியாத மொழியில் எழுதப்படுமாயின், அஃது எச்சரிக்கையன்று, ஏளனம்.

பேருந்து, மிதிவண்டி என்னும் நற்றமிழ்ச் சொற்களைச் சிலர் ஒருகாலத்தில் எள்ளி நகைத்தனர். இன்று அவை அரசுப் பலகைகளிலும் பாடநூல்களிலும் நிமிர்ந்து நிற்கின்றன. சொல்லுக்கு இடம்பெற்றுத் தந்த தமிழ்மக்கள், அச்சொல் சுட்டும் வண்டிக்கும் இடம்பெற்றுத் தரல் வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன இனம் இது. அவ்வுப்பை விளைத்தவனைச் சாலையோரத்தில் சாகவிடுமாயின், அவ்வினத்தின் நன்றியுணர்வு ஏட்டளவினதே.  திருத்துதற்கு இன்னும் காலம் உண்டு. திருத்துக! மிதிவண்டிக்கும் வழி விடுக!