தேயும் டயரில் கரையும் காய்கறி லாபம்

பூண்டு என்ன விலை, கேரட் என்ன விலை என்று தினமும் விசாரிக்கிறோம். அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் வண்டியின் டயர் எத்தனை மாதம் உழைத்தது என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பழனி மலையில் விவசாயம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கும் விலைக் கணக்குதான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என மேல்மலை ஊர்களில் விளையும் எதுவும் மலையிறங்காமல் காசாகாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டே ஆனாலும் வடுகபட்டிச் சந்தைக்குப் போயாக வேண்டும். கேரட்டும் பீன்ஸும் ஒட்டன்சத்திரம் போக வேண்டும். திரும்பும்போது அதே வண்டியில்தான் எருவும் உரமும் மேலே ஏறுகின்றன.

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 64 கி.மீ. தொலைவில் உள்ள பழனி 300 மீட்டர் சொச்சம்தான். ஒரே நடையில் பாரத்தோடு சுமார் 1,800 மீட்டர் இறங்குகிறது வண்டி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடுகிறது. எனவே சமவெளியில் ஓடும் வண்டியைவிட மலையில் ஓடும் வண்டிக்கு டயர் சீக்கிரம் தேய்வது இயல்பு. ஆனால், பக்கத்து வீட்டு வண்டியில் இரண்டு ஆண்டு உழைக்கும் டயர் உங்கள் வண்டியில் ஓராண்டில் போனால், அதற்கு மலையைக் குறை சொல்ல முடியாது. வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது டயர் மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல.

தேய்மானமே காரணத்தைச் சொல்லும்

இலையின் நிறத்தைப் பார்த்தே எந்தச் சத்துக் குறைவு என்று சொல்பவர் நீங்கள். டயரைப் படிப்பதும் அப்படித்தான். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. அச்சு வளைந்திருக்கலாம், பேரிங் ஆடலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கி, மறுபக்கம் தடவும்போது ரம்பம்போல் உறுத்தினால், சக்கரம் நேராக ஓடாமல் கோணலாக இழுபட்டு ஓடுகிறது; வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் சந்தேகப்படுங்கள். ஒரே இடத்தில் மட்டும் பட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் சக்கரத்தைப் பூட்டி இழுத்திருக்கிறது.

அடிவாரத்தில் நெய்க்காரப்பட்டி பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே பாடம்தான். 'டிரெய்லருக்குத்தான் ஸ்டியரிங் கிடையாதே, அதற்கு எதற்கு அலைன்மென்ட்?' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்தாலே அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பிறகு டிரெய்லர் நண்டுபோலச் சாய்ந்தபடி ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். ஒற்றை அச்சு டிரெய்லரில், டிராக்டரோடு இணைக்கும் பின் இருக்கும் இடத்தில் இருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கை இறுக்கவோ மாற்றவோ வேண்டும்.

காற்றும் பாரமும்

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் காலை காற்றுக் குறைந்த டயரில்தான் பாரம் ஏறும். மலைக்கு மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அங்குள்ள குளிர் உள்ளே இருக்கும் காற்றைச் சுருக்கி அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். ஆகவே ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று காற்றை மாற்றத் தேவையில்லை. பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டிகளில் உள்பக்க டயரை யாரும் தொடுவதே இல்லை. அதில் காற்று இறங்கினால் வெளிப்பக்க டயர் இருவர் பாரத்தையும் சுமந்து சூடாகிறது.

பெரும்பாலான வண்டிகளில் டயரைத் தின்பது பாரம்தான். மூட்டையை எண்ணி ஏற்றுகிறோம், எடை போடுவதில்லை. கழுவி ஈரத்தோடு கட்டிய கேரட் மூட்டையும் உலர்ந்த பூண்டு மூட்டையும் ஒரே எடையா? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் இருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். டயரின் பக்கவாட்டிலும் அது தாங்கும் எடைக்கான குறியீட்டு எண் உண்டு. 100 என்று இருந்தால் அந்த டயர் 800 கிலோவுக்கு மேல் தாங்காது.

இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றினால் லாபம்தானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு டயர் 24,000 ரூபாய், அவை 40,000 கி.மீ. உழைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 60 காசு. 20,000 கி.மீட்டரில் தேய்ந்துபோனால் 1 ரூபாய் 20 காசு. போக வர 130 கி.மீ. நடைக்கு 78 ரூபாய் வீண். மூட்டைக்கு 50 ரூபாய் வீதம் கூடுதல் வாடகையாகக் கிடைத்தது 100 ரூபாய். மிஞ்சிய 22 ரூபாயில்தான் கூடுதல் டீசல், பிரேக் லைனிங், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இந்த நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்காது. அடுத்த சீசனில் வாடகையாக ஏறி விவசாயி தலையில்தான் விடியும்.

இதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால் வண்டிக்காரர் கூடுதலாக ஏற்றப் பார்க்கிறார். நடைக்கு இவ்வளவு என்று பேசினால் விவசாயி இன்னும் இரண்டு மூட்டையைத் திணிக்கப் பார்க்கிறார். எந்த முறையில் பேசினாலும் கிலோவில் ஒரு வரம்பு வைத்துப் பேசுவதே முறை. மீதிச் சரக்கு பக்கத்துத் தோட்டக்காரரின் சரக்கோடு சேர்ந்து அடுத்த வண்டியில் போகட்டும்.

உயிரும் சேர்ந்தே தேய்கிறது

மலையில் டயர் என்பது பணப் பிரச்சினை மட்டுமா? மழையிலும் மூடுபனியிலும் ஈரமான வளைவில், டயரில் பட்டன் இல்லாவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. நான்கு சக்கர வாகனங்களுக்கு டயர் பள்ளம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு மேடு அளவுக்கு டயர் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் பாடம் பிரேக்கையும் டயரையும் சேர்த்தே காக்கிறது.

சீசன் முடிந்து மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் டிரெய்லரின் டயர் தேயாமலே வெடிப்பு விடும். அதைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, டயரை மூடி வையுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் முகாம் நடத்துவதுபோல, வேளாண் பொறியியல் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து அறுவடைக்கு முன் மேல்மலை ஊர்களில் வண்டிப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். சரக்கு புறப்படும் ஊரிலேயே ஓர் எடைமேடை இருந்தால், அபராதம் போடும் தேவையே பாதி குறையும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பாரம் ஏற்றும் முன் ஐந்து நிமிடம் குனிந்து நான்கு டயரையும் தடவிப் பாருங்கள். வாடகை வண்டியாக இருந்தாலும் பாருங்கள். மலையிறங்கப் போவது உங்கள் விளைச்சலும், அதை ஓட்டிச் செல்பவரின் உயிரும்.