குடை பிழைத்தது; மொழி பிழைக்குமா?

ஹக்கா என்னும் சொல் நம் மாணவர்களுக்கு உணவகத்து விலைப்பட்டியல் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனரின் பெயர் தாங்கிய நூடுல்ஸ் இன்று நம் கடைவீதிகளிலும் விற்கிறது. அச்சொல்லின் பொருள் 'விருந்தினர் குடி' என்பதைப் பலர் அறியார். வட சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே பெயர்ந்து, சென்ற இடமெல்லாம் பின்வந்தோராகவே கருதப்பட்ட மக்கள் அவர்கள். அவருள் ஒரு பகுதியினர் கடல் கடந்து தைவானிலும் குடியேறினர்.

தைவானின் தென்பகுதியில், காவோசியுங் மாநகர எல்லைக்குள் அடங்கிய மெய்நோங் என்னும் சிற்றூர் 1736இல் அவர்களால் நிறுவப்பெற்றது. மலையடிவார வயல்களையும், பழைய புகையிலை உலர்த்தும் கூடங்களையும், தாள் குடைகளையும் காண இன்று வெளியூரார் திரளாக வருகின்றனர். வருவோர் எதைக் கண்டு திரும்புகின்றனர் என்பதே நம் வினா.

குடையை எடுத்துக்கொள்வோம். மூங்கிற் கம்பிகளின்மேல் தாளை ஒட்டி, எண்ணெய் பூசி உலர்த்திச் செய்வது அது. 'எண்ணெய்த் தாள்' என்பதைக் குறிக்கும் ஹக்கா சொல், 'மக்கட்பேறு உண்டு' என்னும் தொடரைப்போல் ஒலிப்பதால் மணமகளுக்கு அதனைச் சீராக அளித்தனர். நைலான் குடையின் வருகையால் நலிந்த இத்தொழில், சுற்றுலாப் பயணியரின் பணத்தால் மீண்டும் உயிர்த்தது. இதனை நாம் குறைகூறோம். கைவினைஞனுக்குச் சோறிடும் எதுவும் நன்றே. ஆயினும் மொழி அறியாதார் கையில் அக்குடை ஓர் அழகுப் பொருளே. அதனுள் மடிந்திருக்கும் வாழ்த்து, அம்மொழி பேசுவோர் உள்ளவரையில்தான் விரியும்.

உணவும் அத்தகையதே. அரிசி மாவைக் கரைத்து, ஆவியில் தகடாக வேகவைத்து, நாடாவாக நறுக்கிய உணவே அவ்வூரின் சிறப்பு. பன்றியிறைச்சி சேர்ப்பது அவர்தம் வழக்கமாதலின் நம்மவர் கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். அவ்வாறு கேட்கும்பொழுதே சமையற்காரருடன் உரையாடல் பிறக்கிறது; வெறும் நாவின் சுவை அறிமுகமாக மாறுகிறது.

அவ்வூரில் 1779இல் எழுப்பிய செங்கற் கோபுரம் ஒன்றுண்டு. எழுத்துப் பொறித்த தாளைக் குப்பையில் எறியாது, மதிப்புடன் எரிப்பதற்கென்றே அமைந்தது. எழுத்துள்ள தாள் காலில் படாதவாறு குனிந்தெடுக்கும் பெரியோரை நம் இல்லங்களிலும் கண்டிருக்கிறோம். எழுத்தை அவ்வளவு போற்றிய மக்களின் பேச்சு இன்று தளர்ந்துவருவது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தைவானில் 1987 வரை நீடித்த இராணுவச் சட்டக் காலத்தில், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1988 திசம்பர் 28இல் ஹக்கா மக்கள் தைபே நகரில் 'எம் தாய்மொழியைத் திருப்பித் தருக' என ஊர்வலம் சென்றனர். 2001இல் அவர்களுக்கெனத் தனி அரசு அமைப்பும், 2003இல் தொலைக்காட்சியும் வந்தன. 2018இல் சட்டம் அம்மொழியைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இத்தனைக்குப் பின்னும் இளையோரிடையே ஹக்கா பேசுவோர் குறைந்தே வருகின்றனர்.

சட்டம் மொழிக்கு இருக்கை தரும். மூச்சுத் தராது என்பதே நம் கருத்து. அதற்கும் மெய்நோங்கே சான்று. 1990களில் அவ்வூரருகே பேரணை கட்டும் திட்டம் எழுந்தபோது மக்கள் எதிர்த்தனர். ஹக்கா மொழிப் பாடல்கள் அப்போராட்டத்தின் குரலாயின. 2000இல் திட்டம் கைவிடப்பட்டது. மண்ணைக் காக்க வேண்டிய நாளில் அம்மக்கள் நாடியது தங்கள் மொழியையே. வாழ்வின் தேவையோடு பிணைந்த மொழி வாழும். விழாமேடையில் மட்டும் ஒலிக்கும் மொழி வாடும்.

ஆகவே, சிற்றூர்களுக்குச் செல்லும் மாணவர்காள்! குடையை வாங்குங்கள், அதன் உறுப்புகளுக்கு அவ்வூரார் வழங்கும் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உணவை உண்ணுங்கள், அதைச் சமைத்த மூதாட்டியின் பேச்சுக்கும் செவி கொடுங்கள். பொருளை விலை கொடுத்து வாங்கலாம்; சொல்லைச் செவி கொடுத்தே பெற முடியும். விருந்தினர் எனப் பெயர் பெற்ற மக்களிடம் நாம் நல்விருந்தினராய் நடந்துகொள்ளும் முறை அதுவே.